கட்டி அவிழ்க்கும் உரிமை

மேலைநாட்டு மொழிகள் தமிழினின்றும் கடன்கொண்ட சொற்கள் சிலவே. அவற்றுள் கட்டுமரம் என்பது ஒன்று. 1697-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் கடற்பயண நூலில் வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கில மாலுமி, சோழமண்டலக் கரையின் மிதவையை ஏறத்தாழ இப்பெயராலேயே குறித்துச் சென்றார். இன்று மேலைநாடுகளில் அப்பெயர் இரட்டை உடல் கொண்ட விலையுயர்ந்த உல்லாசப் படகுக்கு வழங்குகின்றது. பெயர் கப்பலேறிப் போயிற்று. பொருள் நம் கரையிலேயே தங்கிற்று. தங்கிய அப்பொருளையும் சென்ற நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்குள் நாம் பெரும்பாலும் இழந்துவிட்டோம். அவ்விழப்போடு கூடப் போனது யாது, அதனை மீட்கும் வழி உண்டா என்பவற்றைக் குறித்து நம் கல்லூரி நண்பர்கள் முன் சில கருத்துகளை வைக்க விரும்புகின்றேன்.

கட்டுமரம் என்னும் பெயரிலேயே அதன் இலக்கணம் அடங்கியுள்ளது. ஆணி இல்லை; பசை இல்லை. எளிதில் மிதக்கும் கனமற்ற மரங்களை வாய்ச்சியால் செதுக்கி, நடுமரம் சற்று நீண்டிருக்குமாறு பக்கமரங்களை அணைத்து, முன்னும் பின்னும் குறுக்குக் கட்டை கொடுத்துக் கயிற்றால் இறுகப் பிணித்துவிட்டால் மிதவை ஆயிற்று. அலை மேலேறினாலும் நீர் இடுக்குகளின் வழியே தானே இறங்கிப் போகும், இறைக்க வேண்டுவதில்லை. கரை சேர்ந்தபின் கட்டினை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே மணலில் உலர்த்துவர். என்னை? ஊறிய மரம் கனக்கும். கனத்த மரம் சரிவர மிதவாது. ஒரு மரம் உளுத்துப் போனால் அவ்வொன்றையே மாற்றுவர். ஏனைய மரங்கள் புதிதாய் வந்ததோடு சேர்ந்து பழைய வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரையில் வரிசையாய் அமைந்த குப்பங்களிலும், அவற்றுக்குத் தெற்கே நெடுந்தொலைவும், இம்மிதவையே தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்டது. ஆயினும் எல்லா மரமும் ஓரளவின அல்ல. கரையை ஒட்டித் தொழில் செய்வோர்க்குச் சின்னமரம். தொலைவு செல்வோர்க்குப் பெரியமரம். நாகப்பட்டினப் பக்கத்தில் கோலா மீனை நாடி ஆழ்கடலுக்குப் போவோர்க்கு ஏழு மரங்கள் சேர்த்த கோலாமரம். சென்னை மாகாணத்து மீன்துறைத் தலைவராயிருந்த ஜேம்ஸ் ஹார்னெல் என்பார், 1920-இல் இந்தியப் படகுகளைப் பற்றி வெளியிட்ட ஆராய்ச்சியில் இவ்வகைகளை விரித்துரைத்துள்ளார். அவர் படகின் வரலாற்றை நாடி எழுதினார். நமக்கு வேண்டியது வேறொன்று. எந்த மீனை, எந்தப் பருவத்தில், எந்த வலையால் பிடிக்கப் போகின்றானோ அவனே தன் மிதவையை வகுத்தான் என்பதே அது. செதுக்குவதற்கு ஒரு தச்சன் துணைநின்றிருக்கலாம். ஆனால் மரம் எத்தனை, நீளம் எவ்வளவு, கட்டு எப்படி என்னும் மூன்றும் கடலுக்குச் செல்பவனுடைய தீர்ப்பாகவே இருந்தன. தீர்ப்பு தவறினால் மறுநாள் அவிழ்த்து வேறுவிதமாய்க் கட்டிப் பார்க்கலாம். அதற்கு ஒருவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

தனித்தனி உறுப்புகளாய் இருந்து, வேண்டியவாறு சேர்க்கவும் பிரிக்கவும் இடந்தரும் பொருளை இக்காலத்தார் மாடுலர் என்பர். யான் இதனை உறுப்பிணைப் பொருள் என்று வழங்குவேன். இதனைப் பற்றி இன்று மேலைநாடுகளில் பேச்சு மிகுதி. பெல்ஜியத்தின் தலைநகரான பிரஸ்ஸல்ஸில் தாமஸ் லொம்மே என்னும் வடிவமைப்பாளர், ஓபன் ஸ்ட்ரக்சர்ஸ் என்னும் பெயரால் ஒரு முறையைத் தொடங்கினார். நான்கு செண்டிமீட்டர் சதுரக் கட்டம் ஒன்றை எல்லாருக்கும் பொதுவாக வைத்து, அதற்கு ஒத்துவருமாறு யார் எவ்வுறுப்பைச் செய்தாலும் அது பிறர் செய்த உறுப்போடு பொருந்தும் என்பதே அதன் சாரம். மாசாச்சுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் எரிக் வான் ஹிப்பெல், 2005-இல் வெளியிட்ட நூலில், புதுமைகள் பல தொழிற்சாலையில் தோன்றுவனவல்ல, பொருளைப் பயன்படுத்துவோர் தம் தேவைக்காகச் செய்துகொண்ட மாற்றங்களினின்றே தோன்றுவன என்று சான்றுகளோடு காட்டினார். இவ்விருவர் கூற்றையும் படிக்கும் நம் மாணவர்கள் அவற்றைப் புதுவது என்று வியப்பதில் தவறில்லை. காசிமேட்டு மணலில் அவை முன்பே நடந்தன என்பதையும் அறிந்து வியத்தல் நன்று.

நிற்க. பழமையைப் போற்றும் ஆர்வத்தால் யான் கட்டுமரத்தைப் பாடவந்தேன் என்று ஒருவரும் கருதற்க. கட்டுமரத்தில் செல்வோன் நாள் முழுதும் நீரில் நனைந்தே தொழில் செய்தான். பிடித்த மீனை வைக்க நிழலில்லை. ஐஸ் கொண்டுபோக இடமில்லை. காற்று மாறினால் கரை சேர்வது அரிது. இதற்கு வேண்டிய நெடுமரங்கள் மலைக்காடுகளினின்றே வரவேண்டும். காடு குறையக் குறைய மரத்தின் விலை ஏறிற்று. ஆகவே மீனவர் அதனைக் கைவிட்டமை இயல்பே. அவர்களை மீண்டும் ஈரக் கட்டையில் ஏறச் சொல்லும் துணிவு, வெயில் படாத அறையில் அமர்ந்து எழுதும் எனக்கு இல்லை.

அவர்கள் கைவிட்டதன் பின் கைக்கு வந்தது பைபர் படகு. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்து போனபின், நிவாரணமாகப் பைபர் படகுகள் கரையெங்கும் பெருவாரியாய் வழங்கப்பட்டன. கட்டுமரத்தின் மறைவு அதற்கு முன்பே தொடங்கியிருப்பினும் அவ்வழங்கல் அதனை விரைவுபடுத்திற்று. பைபர் படகு விரைவில் செல்லும், சுமையும் மிகத் தாங்கும், ஐஸும் கொள்ளும். ஆனால் அதனை வார்க்கும் அச்சு படகுத் தொழிற்கூடத்தாருடையது. அச்சு ஒன்றானால் படகும் ஒன்று. வாங்குவோன் வண்ணத்தைச் சொல்லலாம், பெயரை எழுதிக்கொள்ளலாம், இன்னும் ஒரு முழம் அகலம் வேண்டும் என்றால் அதற்கு வழியில்லை. உடைந்த இடத்தை இழையும் பிசினும் கொண்டு ஒட்டும் வித்தையை நம் கரையோர் விரைவிலேயே கற்றுக்கொண்டனர் என்பது உண்மை. எனினும் ஒட்டுதல் வேறு, வகுத்தல் வேறு. தமக்கு வேண்டியதைத் தாமே வகுத்த மக்கள், பிறர் வகுத்ததைப் பழுதுபார்ப்போராயினர்.

வேறு வழி இருந்ததா எனின், இருந்தது. குமரி மாவட்டத்து முட்டம் என்னும் கடற்கரையூரில், கோட்டாறு சமூக சேவைச் சங்கத்தின் ஆதரவில், பியேர் ழில்லே என்னும் பெல்ஜியப் பொறியாளர் 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு படகுக் கூடத்தை நடத்தினார். ஒட்டுப்பலகைகளை வெட்டி, கம்பியால் தைத்து, மூட்டுகளைப் பிசினால் அடைத்துப் படகு செய்யும் முறையை அங்கே கையாண்டார்கள். பலகையை வெட்டித் தைப்பதால் ஒவ்வொரு படகையும் சிறிது மாற்றிச் செய்வது எளிது. மீனவர் ஓட்டிப் பார்த்துக் குறை சொல்ல, அடுத்த படகு அக்குறை நீங்கி வரும். 1985-இல் ழில்லே தம் அனுபவத்தை நூலாக்கியபொழுது, சிறியதே அழகு என்னும் புகழ்பெற்ற வாசகத்தைத் திருப்பி, சிறியது கடினம் என்று பொருள்படும் பெயரையே அதற்கு இட்டார். அத்தலைப்பினும் நேர்மையான தலைப்பை யான் அதிகம் கண்டதில்லை. பயன்படுத்துவோனை உடன் வைத்துக்கொண்டு ஒரு பொருளை உருவாக்குவதென்றால் காலம் பிடிக்கும், சண்டை வரும், முதற்படகு பெரும்பாலும் பயன்படாது. நிவாரணக் கணக்கை ஓராண்டுக்குள் முடிக்க வேண்டிய அதிகாரிக்கு அந்தப் பொறுமை எங்ஙனம் வரும்?

இனி, படகினின்று இயந்திரத்துக்கு வருவோம். வடசென்னையில் இயந்திரத்தைப் பேசாமல் எதனையும் பேச இயலாது. கிரீவ்ஸ் நிறுவனத்தார் இத்தாலிய லொம்பார்தினி முறையில் செய்த ஒற்றை உருளை டீசல் எஞ்சின் ஒன்று நம் நாட்டில் செய்த பயணம் வியப்பானது. வயலில் அது நீரிறைத்தது. சரக்கு ஆட்டோக்களில் சுமையிழுத்தது. கடற்கரையில் நீண்ட தண்டும் அதன் நுனியில் விசிறியும் பொருத்தப்பெற்று, படகைத் தள்ளும் வால் எஞ்சின் ஆயிற்று. திருவொற்றியூரில் புல்லட் மோட்டார் சைக்கிள் செய்த என்ஃபீல்டு தொழிற்சாலையாரும், அதே இனத்து 325 சி.சி. எஞ்சினைத் தம் வண்டியில் பூட்டி டாரஸ் என்று பெயரிட்டு விற்றனர். அந்த டீசல் புல்லட் விரைவில் செல்லாது, இடியோசை எழுப்பும், ஆனால் எண்ணெயைச் சிக்கனமாய்க் குடிக்கும். பால்காரருக்கும் உழவருக்கும் அதுவே போதுமானதாயிருந்தது. கம்பெனி செய்யுமுன்னும் செய்தபின்னும் பழைய புல்லட்டில் டீசல் எஞ்சினைப் பூட்டிக் கொடுத்த பட்டறைகள் நாடெங்கும் இருந்தன. எஞ்சின் என்னும் உறுப்பு ஒன்று, உடல்கள் பல. அவ்வுறுப்பை எவ்வுடலோடு சேர்ப்பது என்பதைத் தேவையுடையோரே தீர்மானித்தனர்.

புல்லட்டைப் பற்றி இன்னொரு சொல். பல்லாண்டுகள் அதன் உள்ளமைப்பு பெரிதும் மாறாமையால், ஓராண்டு வண்டியின் பாகம் வேறோராண்டு வண்டிக்குப் பொருந்திற்று. புதுப்பேட்டையில் பிரித்துப்போட்ட வண்டிகளின் நடுவே ஒருவர் நின்று தமக்கு வேண்டிய வண்டியைத் தாமே தொகுத்துக்கொண்டது அதனால்தான். 2020-இல் அந்நிறுவனத்தார் கைப்பேசி வழியே வண்ணம், இருக்கை, கண்ணாடி முதலியவற்றை வாங்குவோரே தேர்ந்துகொள்ளும் ஏற்பாடு ஒன்றைத் தொடங்கினர். அதற்கு உங்கள் விருப்பப்படி செய்துகொள்ளுங்கள் என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரையும் சூட்டினர். நல்ல வாணிக முறை, குறைகூற ஒன்றுமில்லை. எனினும் கடைக்காரர் விரித்த பத்துச் சேலையில் ஒன்றை எடுப்பதும், தறியில் அமர்ந்து பாவோட்டுவதும் ஒன்றாகா. இக்காலத்தில் பொருளை வாங்குவோர்க்குச் சுதந்தரம் என்று பேசப்படுவது பெரும்பாலும் முன்னதே.

பின்னதற்கு உரிய உதாரணமும் இத்தொழிற்பகுதியிலேயே உண்டு. அது பெருநிறுவனத்தின் உதாரணம் என்பது குறிக்கத்தக்கது. எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று தோன்றி, ஆஸ்டின் கார்களைப் பூட்டத் தொடங்கி, 1955 முதல் அசோக் லேலண்ட் என்று பெயர் பெற்ற தொழிற்சாலையினின்று வெளிவந்த வண்டிகளுள் மிகப் பல முழு வண்டிகள் அல்ல, வெறுஞ்சட்டங்கள். சேசிஸ் என்று நாம் வழங்கும் அச்சட்டத்தின்மேல் ஓட்டுநர் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வெயிலில் ஓட்டிச் செல்வதைக் கொல்கத்தா நெடுஞ்சாலையில் காணாதார் யார்? அச்சட்டம் கரூர் சென்றால் பேருந்தாகும். நாமக்கல் சென்றால் லாரியாகும். திருச்செங்கோடு சென்றால் துரப்பண இயந்திரம் தாங்கி ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டியாகி, வடநாடு முழுதும் சுற்றிவரும். இருக்கை எத்தனை, சன்னல் எப்படி, துரப்பணத் தண்டு எங்கே என்பவற்றை வாங்குபவரே பட்டறையில் நின்று சொல்லிச் செய்துகொள்வர். சட்டத்தை வார்த்தவர் எண்ணூரார். வண்டியை வகுத்தவர் திருச்செங்கோட்டார். எண்ணூர்த் தொழிற்சாலையில் ஒருவரும் ஆழ்துளை வண்டியைக் கனவு கண்டிரார். உறுப்பைத் திறந்துவைத்தமையால் பிறர் கனவு காண இடம் ஏற்பட்டது. இதற்கு அரசும் வழி செய்துள்ளது. பேருந்துக் கூடு எவ்வாறிருத்தல் வேண்டும் என்பதற்கு ஏ.ஐ.எஸ். 052 என்னும் விதிமுறை உண்டு. அதனை நிறைவேற்றும் பட்டறைக்கு அங்கீகாரம் கிடைக்கும். பொருத்தும் இடம் தெளிவாயிருந்து, காப்பு விதியும் தெளிவாயிருந்தால், தொழிற்சாலைக்கு வெளியே வகுப்பதை ஒருவரும் குற்றம் என்பதில்லை.

இவ்வாறு பெரிய வண்டிக்குக் கிடைத்த மரியாதை, சிறிய வண்டி ஒன்றுக்குக் கிடைக்கவில்லை. கரையேறிய மீன் ஊருக்குள் செல்ல வேண்டுமன்றோ? அதனைச் சுமப்பது மீன்பாடி வண்டி. முன்னே இரு சக்கரங்களின்மேல் பலகைத் தட்டு; பின்னே ஒரு சக்கரமும் மிதிப்பவனுக்கு ஆசனமும். காசிமேட்டில் ஏலம் எடுத்த மீன், ஐஸ் கட்டி, கூடை, சிலவேளை கூடைக்குரிய அம்மையார் ஆகிய எல்லாவற்றையும் அது தாங்கும். மீனுக்கென்று தோன்றியது இன்று கட்டில், பீரோ, கம்பி, தண்ணீர்க் குடம் எல்லாம் ஏற்றுகின்றது. காலால் மிதித்து மிதித்து முழங்கால் தேய்ந்தவர்கள், கழித்துப்போட்ட ஸ்கூட்டரின் எஞ்சினையோ மொபெட்டின் எஞ்சினையோ அதில் பூட்டிக்கொண்டனர். இவ்வண்டிக்குக் கம்பெனி இல்லை, விளம்பரம் இல்லை, வரைபடம் இல்லை. தெருப் பட்டறையில் வெல்டிங் செய்பவரும் வண்டிக்காரரும் எதிரெதிரே குந்தி அமர்ந்து, தட்டின் நீளத்தைச் சாணால் அளந்து உருவாக்கியது அது. கட்டுமரத்தை வகுத்த அறிவின் வழித்தோன்றல் இன்று இப்பகுதியில் எங்கேனும் உயிரோடிருக்கின்றது எனின், இவ்வண்டியில்தான் இருக்கின்றது.

ஆனால் எஞ்சின் பூட்டிய மீன்பாடி வண்டி சட்டத்தின் முன் ஒரு வண்டியே அன்று. அதற்கு வகைச்சான்று இல்லை, பதிவு இல்லை, ஆகவே காப்பீடும் இல்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, செய்தவர் முதலில் குறித்தவற்றினின்றும் மாறுபடுமாறு வண்டியை உரிமையாளர் மாற்றலாகாது என்று விதிக்கின்றது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் அவ்விதியை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. அவ்வாண்டே செய்யப்பெற்ற திருத்தம், மாற்றுத்திறனாளிகள் தமக்கேற்ப வண்டியை மாற்றிக்கொள்ள வழி திறந்தது. அது போற்றத்தக்கது. சுமை தூக்கிப் பிழைப்பவனுக்கு அத்தகைய வாயில் ஒன்றும் அதில் இல்லை. காவலர் வண்டியைப் பிடித்தால், வண்டியோடு அன்றைய மீனும் போகும். ஐஸ் உருகும் நேரத்துக்குள் முடியும் வழக்கு எந்த நாட்டில் உண்டு?

சட்டத்தின் பக்கத்திலும் நியாயம் உண்டு என்பதை மறுக்கலாகாது. நூறு கிலோ மீன் ஏற்றிய தட்டு முன்னே மறைக்க, சைக்கிளுக்குரிய பிரேக்கை நம்பி, மோட்டாரின் வேகத்தில் ஒருவன் தண்டையார்பேட்டை நெடுஞ்சாலையில் வருவானாயின், அவ்வழியே பள்ளிக்குச் செல்லும் பிள்ளையின் உயிருக்கு யார் பொறுப்பு? ஏழையின் சமயோசித புத்தி என்று பத்திரிகைகள் இவ்வகைப் பொருள்களைப் படத்தோடு புகழ்வதுண்டு. அப்புகழ்ச்சி எனக்கு உடன்பாடன்று. பிரேக்கில்லாத வண்டியைப் புகழ்ந்து எழுதுபவர் அதில் ஏறுவதில்லை. புகழ்வோரும் தடுப்போரும் ஒரு விஷயத்தில் ஒத்திருக்கின்றனர்: இருவருமே அந்த வண்டிக்காரனோடு உட்கார்ந்து ஒரு பிரேக்கை வரைந்து காட்ட முன்வருவதில்லை.

தடுப்பதும் புகழ்வதுமன்றி மூன்றாவதொன்று உண்டு என்பதற்கு அண்மைக்கால வரலாறே சான்று. தில்லியில் மின்கல மூன்றுசக்கர வண்டிகள் விதியின்றிப் பெருகின. 2014 ஜூலையில் உயர்நீதிமன்றம் அவற்றைத் தடுத்தது. அவ்வாண்டு அக்டோபரில் மத்திய அரசு அவற்றுக்கென்று விதிகள் வகுத்தது; 2015-இல் சட்டமே திருத்தப்பெற்றது. பயணிகளை ஏற்றுவது மின்ரிக்ஷா எனவும், சரக்கு ஏற்றுவது மின்வண்டி எனவும் இரு இனங்கள் சட்டத்தில் இடம்பெற்றன. திறன் 4000 வாட்டுக்கு மேற்படலாகாது. வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேற்படலாகாது. சரக்கு 310 கிலோவுக்கு மேற்படலாகாது. இவற்றுள் எனக்கு மிகச் சிறந்ததாய்த் தோன்றுவது யாதெனின், கம்பெனிகளுக்கு மட்டுமன்றிப் பதிவுபெற்ற ஓட்டுநர் சங்கங்களுக்கும் அவ்விதிகள் இடம் வைத்தமையே. சங்கமாய்க் கூடினால், தெருப் பட்டறையில் பிறந்த வண்டியும் சோதனைக்குச் சென்று சான்று பெறலாம். சோதனை நிலையமும் தொலைவில் இல்லை, ஒரகடத்தில் இருக்கின்றது.

அங்ஙனமாயின் மீன்பாடி வண்டிக்காரர் ஏன் அதனைச் செய்துகொள்ளவில்லை என்று கேட்கலாம். சோதனைக்குச் செல்லும் வண்டிக்கு வரைபடம் வேண்டும். எடை எவ்விடத்தில் இறங்குகின்றது, எவ்வளவு தொலைவில் நிற்கின்றது என்னும் கணக்கு வேண்டும். ஒரு வண்டியைப்போல் மற்றொன்று இருத்தல் வேண்டும். இம்மூன்றும் பட்டறையில் இல்லை, நம்மிடத்தில் இருக்கின்றன. ஆனால் இவ்விடத்திலேதான் நம்மைப்போன்ற படித்தவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை ஒன்று குறுக்கிடும். ஒரு முழு வண்டியை நாமே வகுத்து, நன்கொடையாளர் படத்தை ஒட்டி, விழா எடுத்து வழங்கிவிடுவோம். அதில் ஐஸ் நீர் வடிய வழியிராது. கூடை வைக்கும் உயரம் தவறாயிருக்கும். ஆறு மாதத்தில் வண்டி துருப்பிடித்துக் கிடக்கும். பைபர் படகின் கதையைத் தரையில் மறுபடி நடத்துவதாகவே அது முடியும்.

ஆகவே முழு வண்டியை வரைய வேண்டா என்பதே என் கருத்து. மூன்று இணைப்புகளை மட்டும் வரைந்தால் போதும்: மின்மோட்டாரும் மின்கலப் பெட்டியும் சட்டத்தில் அமரும் இடம், இரு முன்சக்கரங்களையும் ஒருங்கே பிடிக்கும் பிரேக்கு, தட்டினைத் திருகாணியால் மாட்டவும் கழற்றவும் உரிய துளைகளின் வரிசை. இம்மூன்றும் எல்லா வண்டிக்கும் ஒன்றாயிருக்கட்டும். அவற்றையே சோதித்துச் சான்று பெறட்டும். தட்டு மீனுக்கா தண்ணீர்க் குடத்துக்கா, அதன் விளிம்பு சாணா முழமா, மழைக்குக் கூரை வேண்டுமா வேண்டாவா என்பவை வண்டிக்காரருடைய தீர்ப்பு. கட்டுமரத்தில் கயிறு செய்த வேலையை இங்கே அத்துளை வரிசை செய்யும். காலையில் மீன் தட்டும் மாலையில் பீரோ தட்டும் மாட்டிக்கொள்ளும் வண்டி ஒன்றுக்கு இரண்டு கூலி ஈட்டும் என்பதை எனக்கு முன்பே அறிந்த வண்டிக்காரர் இப்பகுதியில் பலர் இருப்பர்.

இது நடவாது என்பார்க்கு ஒன்று கூறுவேன். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பிறந்த நியோபோல்ட் என்னும் கருவி 2021-இல் வெளிவந்தது. சக்கர நாற்காலியின் முன் அதனை மாட்டினால் நாற்காலியே வண்டியாகும். கழற்றினால் மீண்டும் நாற்காலி. ஓர் இணைப்பை நன்றாய்ச் செய்ததனால் பலர் வீட்டைவிட்டு வெளியே வந்தனர். மகாராஷ்டிரத்துப் பாபல் கிராமத்தின் விஞ்ஞான ஆசிரமத்தில் 2002 முதலே, மாசாச்சுசெட்ஸ் கழகத்தின் துணையோடு, கிராமத்தார் தாமே கருவி செய்துகொள்ளும் பட்டறை ஒன்று நடைபெறலாயிற்று. நம்மூரில் பட்டறைக்குப் பஞ்சமில்லை. தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் லேத் இல்லாத தெரு தேட வேண்டும். துறைமுகத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் வேலை செய்து தேர்ந்த கைகள் அங்கு உள்ளன. அவற்றுக்கு ஒரு வரைபடமும், அதன்மேல் ஒரு சான்று முத்திரையும் கிடைத்தால் எஞ்சிய வேலையை அவை அறியும்.

நம் கல்லூரியின் பௌதிக மாணவர்கள் நிற்கும் தூரத்தையும் எடை நடுவத்தையும் அளக்கலாம். பொருளியல் மாணவர்கள் ஒரு நாளின் வாடகை, ஐஸ், எண்ணெய், அபராதம் ஆகியவற்றைக் கணக்கெடுக்கலாம். சட்டம் பயின்ற பழைய மாணவர்கள் சங்கத்தைப் பதிவு செய்யும் வழியைக் காட்டலாம். தமிழ் மாணவர்க்கு வேலையில்லையோ எனின், உண்டு. பட்டறையில் வழங்கும் உறுப்புப் பெயர்களைத் தொகுத்து, வரைபடத்தில் அப்பெயர்களையே எழுதல் வேண்டும். இல்லையேல் வரைபடம் ஆங்கிலத்தில் பிறந்து அலமாரியில் இறக்கும். எடுத்துக்கொள்ள வேண்டிய வண்டி ஒன்றிரண்டே போதும். ஓராண்டு முழுதும் அவற்றோடேயே இருத்தல் வேண்டும். வண்டிக்காரருக்கு அளவெடுக்கும் நாளின் கூலியைக் கொடுத்துவிடுதல் முறை. அவர் நமக்கு ஆசிரியராய் வருகின்றாரேயன்றி வேடிக்கைப் பொருளாய் வரவில்லை.

செல்வோர் விடியுமுன்னரே காசிமேட்டில் இருத்தல் வேண்டும். ஏலம் முடிந்து வெயில் ஏறியபின் சென்றால் வண்டிகள் நகரத்தின் நாற்புறமும் சிதறிப் போயிருக்கும். அளவு நாடாவோடு ஒரு தராசும், நனைந்தாலும் கெடாத குறிப்பேடும் கொண்டு செல்க. முதலில் அளக்க வேண்டியது, வெறும் தட்டோடன்று, மீனும் ஐஸும் நிரம்பிய தட்டோடு வண்டி முன்புறம் எவ்வளவு தாழ்கின்றது என்பதை.